சூடு தெரிந்த காலம், சூடு மறைந்த காலம்

2003, 2004 வாக்கில் தமிழ்நாட்டின் நெட் சென்டர்களில் அடிக்கடி கண்ணில் பட்ட காட்சி ஒன்று உண்டு. மேஜைக்குக் கீழே வரிசையாகக் கேபினெட்டுகள். பாதிக்கு மேல் பக்கவாட்டுத் தகடு இருக்காது. கழற்றி எங்கோ சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். மதர்போர்டு, ஒயர், தூசி படிந்த ஃபேன் எல்லாம் வெளியே தெரியும். இரண்டு சிஸ்டத்துக்கு நடுவில் ஒரு டேபிள் ஃபேன், கேபினெட்டின் வயிற்றைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடும் பையன்கள் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார்கள். காற்று முழுவதும் சிபியுவுக்கு. சென்டர் நடத்துகிறவரின் கணக்கு அது. பையன் வியர்த்தால் துடைத்துக்கொள்வான். ஆட்டத்தின் நடுவே சிஸ்டம் ஹேங் ஆனால் அந்த மணிநேரக் காசு போய்விடும்.

அந்த சிஸ்டங்களில் பெரும்பாலானவை அசெம்பிள் செய்தவை. சென்னையில் என்றால் மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிராசசர் ஒரு கடையில், ரேம் ஒரு கடையில், எஸ்எம்பிஎஸ் இன்னொரு கடையில் வாங்கி, அங்கேயே ஒரு மாடிப்படி ஓரத்தில் மாட்டித் தருவார்கள். மாட்டும்போதே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஹீட் சிங்க் என்றால் அலுமினியத் தகடுகளின் அடுக்கு, அதன் தலையில் ஒரு ஃபேன், அடியில் கொஞ்சம் வெள்ளை பேஸ்ட். மெஷின் சூடானால் கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்க்கலாம். ஃபேன் சத்தம் போட்டால் ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தூசியை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டலாம். ஒன்றும் சரிப்படாவிட்டால் தகடு கழன்றுவிடும், டேபிள் ஃபேன் வந்துவிடும். தொழில்நுட்பம் படிக்காதவருக்கும் கைக்கு எட்டிய வைத்தியம் அது. அதன் பலனும் உடனே தெரிந்தது.

அப்போது ஏன் அத்தனை சூடு? 486 காலத்து சிப்புகளில் பலவற்றுக்கு ஃபேனே தேவைப்படவில்லை. 1993-இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் குடித்தது. அதற்கே தலையில் ஃபேன் வைக்க வேண்டிவந்தது. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அந்த அளவு 55 வாட்டைத் தொட்டது. 2004 பிப்ரவரியில் வந்த அதன் பிரெஸ்காட் வகை, சுற்றுகளை இன்னும் சிறிதாக 90 நானோமீட்டரில் செதுக்கியும் குளிரவில்லை. அதன் உயர்ந்த மாடல்கள் 115 வாட் வரை போயின. டிரான்சிஸ்டர் சிறியதானால் மின்சாரமும் குறையும் என்று தொழில் முழுக்க நம்பியிருந்த கணக்கு அந்த ஆண்டுகளில்தான் உடைந்தது. அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசியத் தொடங்கிவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. வேகத்தை ஏற்றும் பந்தயத்தை நிறுத்தியது பணமோ போட்டியோ இல்லை. வெறும் வெப்பம்.

நம்மூரில் இதை யாரும் நானோமீட்டர் கணக்கில் பேசவில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். வெளியே அந்த வெயில், உள்ளே பத்து சிஆர்டி மானிட்டர், பத்து சிபியு, ஏசி கிடையாது. ஹீட் சிங்க் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். குளிர்நாட்டு அறையைக் கணக்கில் வைத்துச் செய்த ஃபேன், கத்திரி வெயிலில் என்ன செய்யும்? வைஸ் சிட்டி ஆட்டத்தில் கார் திருடிக் கொஞ்ச தூரம் போவதற்குள் திரை உறையும். சில நேரம் நீலத்திரை. சில நேரம் ஒன்றும் சொல்லாமல் ரீஸ்டார்ட். ரொம்ப முற்றினால் கருகல் வாடை.

எல்லாமே முகத்தில் அறைந்த மாதிரித் தெரிந்தன. சூடு என்றால் சூடு. மெஷின் நின்றால் நின்றது.

இந்த நிலை மாறப்போகிறது என்பதற்கான அடையாளம் அதற்கு முன்பே, 2001 செப்டம்பரில் வந்த ஒரு வீடியோவில் இருந்தது. டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய இதழ் அதை எடுத்தது. குவேக் 3 ஆட்டத்தை ஓடவிட்டு, ஓடும்போதே பிராசசரின் மேல் இருந்த ஹீட் சிங்க்கைக் கையால் பிடுங்கினார்கள். ஏஎம்டி ஆத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது; ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 மட்டும் நிற்கவேயில்லை. ஆட்டம் படம் படமாகத் தடுக்கித் தடுக்கி ஓடியது. ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. சிப்புக்குள்ளேயே ஒரு வெப்பமானி இருந்தது. வரம்பு தாண்டியதும் சிப் தன் கடிகாரத் துடிப்பில் பாதியை விழுங்கி, வேகத்தைக் கொடுத்து உயிரைக் காத்துக்கொண்டது.

அன்று அதைப் பார்த்தவர்கள் எந்த கம்பெனி ஜெயித்தது என்று சண்டை போட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தத் தடுக்கலில் இருந்தது. அதுவரை சூட்டின் விளைவு நின்றுபோவது. அதற்குப் பிறகு சூட்டின் விளைவு மெதுவாவது. இன்று ஒரு கல்லூரிப் பையன் “லேப்டாப் லேக் அடிக்குது” என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. கூடவே, தனக்குக் காய்ச்சல் என்பதை நம்மிடமிருந்து மறைக்கவும் கற்றுக்கொண்டது. இந்த இருபது சொச்சம் ஆண்டு மாற்றத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஏனென்றால் மறைந்துபோன சூட்டுக்குத் தவறான வைத்தியம் பார்த்துப் பலர் காசைத் தொலைக்கிறார்கள்.

இடையில் ஒரு காலம் இருந்தது. அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2006-க்குப் பிறகு லேப்டாப் மெல்ல நடுத்தரக் குடும்பத்துக்குள் வந்தது. தனி கிராபிக்ஸ் சிப் வைத்த மாடல்களும் வந்தன. உள்ளே இடமில்லை. பிராசசரிலும் கிராபிக்ஸிலும் இருந்து ஒரே செம்புக் குழாய் வெப்பத்தை ஓரத்துக்குக் கொண்டுபோய், கட்டைவிரல் அகலத் தகடுகள் வழியாக வெளியே தள்ள வேண்டும். அந்தக் குழாய்க்குள் கொஞ்சம் நீர் இருக்கும், காற்றழுத்தம் இருக்காது. சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே நீராகி, உள்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய உத்தி. விண்கலங்களுக்குப் போனது, கடைசியில் நம் மடிக்கும் வந்தது.

மடிக்கு வந்தது என்றேன். உண்மையில் அது வந்து சேர்ந்த இடம் மெத்தை. காற்றை அடிப்பக்கம் உறிஞ்சும் மெஷினைப் போர்வையின் மேல் வைத்து இரவெல்லாம் நீட் ஃபார் ஸ்பீடு ஆடினார்கள். சூடு ஏறுவதும் ஆறுவதுமாக நூற்றுக்கணக்கான சுற்றுகள். ஒரு நாள் திரையில் கோடு கோடாக வரும். அடுத்த நாள் பவர் லைட் எரியும், படம் வராது. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகள் சிலவற்றின் கட்டுமானப் பொருளில் குறை இருப்பதாக ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் மிகச் சிறிய ஈயப்பற்றுப் புள்ளிகள், விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி வெடித்துப் போயின.

அந்த ஆண்டுகளில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கோவை, மதுரை சர்வீஸ் கடைகளிலும் சிப் லெவல் வேலை தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி. போர்டைக் கழற்றி, சுற்றிலும் ஃபாயில் ஒட்டி, ஹாட் ஏர் கன்னால் அந்த சிப்பை மட்டும் சூடு காட்டுவார்கள். படம் வந்துவிடும். வாடிக்கையாளர் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போவார். சில வாரம், சில மாதம், மறுபடி அதே கோடு. அடியில் உள்ள உருண்டைகளையே புதிதாக வைத்துத் தரும் ரீபால் வேலையும் இதே கதியானது உண்டு. அவர்கள் கைவேலையில் குறை இல்லை. வெடிப்பு இருந்தது சிப்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவில். ரீபால் செய்தது அடித்தட்டுக்கும் போர்டுக்கும் நடுவில். கன்னின் சூட்டில் உள்வெடிப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. இது தெரியாமல் அந்த மெக்கானிக்குகள் வாங்கிய ஏச்சு அதிகம். அவர்களுக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ பிள்ளைகள் கையில் லேப்டாப். பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். பெரிய கிராபிக்ஸ் எதுவும் அதில் இல்லை, ஆனாலும் வைஸ் சிட்டியும் ரோடு ராஷும் ஓடின. 2012-ஐ ஒட்டி மாவட்டங்களில் மணிக்கணக்காகக் கரண்ட் போன காலம். தலைக்கு மேல் ஃபேன் ஓடாது, கையில் பேட்டரி மட்டும் இருக்கும். புழுக்கத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஆடிய பிள்ளைகளுக்கு ஓர் உண்மை தானாகவே பிடிபட்டது: சிமென்டுத் தரையில் வைத்தால் மெஷின் தாங்கும், பாயில் வைத்தால் தாங்காது.

இனி இன்றைக்கு வருவோம்.

கேமிங் லேப்டாப் என்று 2023-இல் கடையில் அடுக்கி வைத்தவற்றின் உச்சியில் இருந்ததை எடுத்துக்கொண்டால், இன்டெல் கோர் ஐ9-13980எச்எக்ஸ் அடிப்படையில் 55 வாட், உச்சத்தில் 157 வாட். அதே ஆண்டின் ஆர்டிஎக்ஸ் 4090 லேப்டாப் கிராபிக்ஸ் 150 வாட், தேவைப்பட்டால் மேலும் 25. டேபிள் ஃபேன் வைத்து ஆற்றிய அந்த பிரெஸ்காட்டைவிட அதிக மின்சாரம், இரண்டு விரல் தடிமனுக்குள். இது சாத்தியமானதே ஒரு பொறியியல் வெற்றி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒற்றைக் குழாய் இருந்த இடத்தில் ஐந்தாறு குழாய், அல்லது அகலமான ஆவிப் பெட்டி. மெல்லிய இதழ்கள் கொண்ட இரட்டை ஃபேன். சிலவற்றில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம்.

ஆனால் இந்த 157 என்பது சில நொடிகளுக்கான வாக்குறுதி. அதிலிருந்துதான் இன்றைய குழப்பம் முழுவதும் பிறக்கிறது. 2008-இல் இன்டெல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட் முறைப்படி, சிப் குளிர்ச்சியாக இருக்கும்வரை அது தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும். தொடக்கத்தில் செம்பும் தகடும் குளிர்ந்திருக்கும், வெப்பத்தை உள்வாங்கும். முதல் சில நிமிடம் ஜிடிஏ 5 பறக்கும். நொடிக்கு ஃபிரேம் 110, 120 என்று காட்டும். உலோகம் நிறைந்ததும் சிப் 95, 100 டிகிரியைத் தொடும். அங்கே கோடு. வேகம் இறங்கும். இறங்கியதும் ஆறும், ஆறியதும் ஏறும், ஏறியதும் சுடும். ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: எதிரியைச் சுடப்போகும் நேரம் பார்த்துத் திரை ஒரு கணம் தடுக்குகிறது.

அவன் என்ன செய்கிறான்? நெட் ஸ்லோ என்று நினைத்து பிளானை மாற்றுகிறான். ஆன்டிவைரஸ் போடுகிறான். ரேம் 8 ஜிபிதான் என்று இன்னொரு 8 வாங்கிப் போடுகிறான். விண்டோஸை ஃபார்மட் அடிக்கிறான். கடைசியில் சர்வீஸ் கடைக்கு வருகிறான். அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

“அண்ணா, கேம் போட்டா பத்து நிமிஷத்துல லேக் அடிக்குது. வாங்குனப்போ இப்படி இல்ல.”

“வாங்கி எவ்ளோ நாளாச்சு தம்பி?”

“ரெண்டு வருஷம்ணா.”

“ஒரு தடவையாச்சும் பின்னாடி திறந்திருக்கியா?”

“இல்லண்ணா. வாரன்டி போயிரும்னு சொன்னாங்க.”

திறந்தால் உள்ளே இருப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பின்மூடியில் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ. எல்லாம் ஒரே நீளம் இல்லை, ஆகவே கழற்றிய வரிசையிலேயே காகிதத்தில் வைக்கிறார்கள். முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஃபேனின் இதழ்களில் சாம்பல் நிறப் பூச்சு லேசாகத்தான் இருக்கும். பையன், “தூசி அவ்ளோ இல்லையேண்ணா” என்பான். ஃபேனின் மேல்மூடியைக் கழற்றியபின்தான் விஷயம் தெரியும். ஃபேன் காற்றைத் தள்ளும் வாயில், செம்புத் தகடுகள் தொடங்கும் இடத்தில், தூசியும் தலையணைப் பஞ்சும் முடியும் சேர்ந்து கம்பளித் துண்டு போல ஒரு அடை. நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கினால் முழுதாக உரிந்து வரும். வெளியிலிருந்து கிரில் வழியாகப் பார்த்தால் இந்த அடை கண்ணில் படாது, ஏனெனில் அது தகடுகளின் உள்பக்கத்தில் நிற்கிறது. ஃபேன் முழு வேகத்தில் சுழலும், சத்தம் கேட்கும், காற்று மட்டும் வெளியே வராது.

இதைப் பிளோயரால் ஊதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: இதழைக் குச்சியாலோ விரலாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் அது கம்பெனி நினைத்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் அடை பெயர்ந்து ஃபேனுக்குள் விழும். வீட்டிலேயே செய்கிறவர்கள் தவறுவது இந்த இரண்டு இடத்தில்தான்.

பிறகு பேஸ்ட். ஹீட் சிங்க்கைத் தூக்கினால் நடுவில் காய்ந்து விளிம்புக்குப் பிதுங்கிய பேஸ்ட் தெரியும். சிப் சூடாகி விரிந்து ஆறிச் சுருங்கும்போதெல்லாம் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது. லேப்டாப் சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது. சிலிக்கான் நேராகச் செம்பைத் தொடுகிறது. அதனால் இந்தப் பிதுக்கம் டெஸ்க்டாப்பைவிட அதிகம். இப்போது சில கம்பெனிகளும் விவரம் தெரிந்த கடைகளும் ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற தாளைப் பயன்படுத்துகின்றன. சாதாரண வெப்பத்தில் திடமான ஏடு. 45 டிகிரி அருகில் இளகிச் சந்துகளில் பரவும். பேஸ்ட் அளவுக்குப் பிதுங்காது. நம் வெயிலுக்கு இது நல்ல பொருள் என்பது என் முடிவு. திரவ உலோகத்தை மட்டும் தெருக்கடையில் பூசிக்கொள்ளாதீர்கள். அதில் இருப்பது காலியம். அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரமும் கடத்தும். ஒரு துளி சிதறினால் போர்டே போனது.

சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிய மெஷின் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் எல்லா மந்தமும் சூட்டால் வருவதில்லை. பழைய நாளில் கை வைத்துப் பார்த்த இடத்தில் இன்று எண்களைப் பார்க்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆட்டம் ஓடும்போது வெப்பம், கடிகார வேகம், வாட் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் போதும். வெப்பம் 95-ஐத் தொட்டு வேகம் விழுந்தால் அது சூடு. வெப்பம் 70-இல் நிற்க வாட்டும் வேகமும் விழுந்தால் சூடு இல்லை, மின்சாரம் போதவில்லை. ஹாஸ்டலில் நண்பனின் 65 வாட் டைப்-சி சார்ஜரை மாட்டிக்கொண்டு 230 வாட் மெஷினில் ஆடுகிறவனுக்கு நேர்வது அதுதான். வெப்பமும் வேகமும் சீராக இருந்து படம் மட்டும் தடுக்கினால், அப்போதுதான் ரேமையும் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். சந்தேகப்பட வேண்டிய வரிசை இது. நம் பிள்ளைகள் கடைசியில் இருந்து தொடங்குகிறார்கள். செலவு ஏறுவது அதனால்.

விலை உயர்ந்த மெஷினுக்கு இந்தப் பாடு இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் ஆப்பிள் ஐ9 பிராசசரோடு விட்ட மேக்புக் ப்ரோ, கனமான வீடியோ வேலையில் தன் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குவதை டேவ் லீ என்ற யூடியூபர் காட்டினார். அதே மெஷினை ஃபிரீஸருக்குள் வைத்து ஓட்டினார். வேலை சீக்கிரம் முடிந்தது. ஃபர்ம்வேரில் வெப்பக் கட்டுப்பாட்டுக்கான ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டிருந்தது என்று சொல்லி ஆப்பிள் சில நாட்களில் திருத்தம் வெளியிட்டது. ஒரு சின்ன விடுபடல் இத்தனை பெரிய மெஷினை மந்தமாக்கும் என்றால், மூடி திறந்து பார்க்கும் மெக்கானிக்கால் அதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? நெட் சென்டர் காலத்தில் இப்படி ஒரு நோய் கிடையாது.

மெக்கானிக் கையிலிருந்து போன இன்னொன்று மின்னழுத்தக் குறைப்பு. சிப் குடிக்கும் வாட் அதன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். ஆகவே அழுத்தத்தைச் சிறிது குறைத்தாலும் சூடு நன்றாக இறங்கும், வேகம் குறையாது. த்ராட்டில்ஸ்டாப் என்ற சின்ன மென்பொருளால் பல ஆண்டுகள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அழுத்தத்தை மாற்றும் அதே கதவு வழியாக சிப்பின் ரகசியங்களைத் திருடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்டெல் கதவைப் பூட்டியது. பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 38 டிகிரி அறையில் ஆடுகிறவனிடம் இருந்த செலவில்லாத நல்ல மருந்து அதோடு போனது. சில கேமிங் மாடல்களின் பயாஸில் மட்டும் அந்த வசதியை விட்டு வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது அதைத் தேடிப் பார்ப்பவருக்கு லாபம்.

மிச்சமிருக்கும் மருந்துகளில் முதன்மையானது, பேராசையைக் கொஞ்சம் குறைப்பது. விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100-லிருந்து 99 ஆக்கினால் பல மெஷின்களில் டர்போ நின்றுவிடும். வெப்பம் பல டிகிரி இறங்கும். கிராபிக்ஸைத்தான் அதிகம் நம்பும் ஆட்டங்களில் இழப்பு தெரியாது. வாலரன்ட் மாதிரி பிராசசரை நம்பும் ஆட்டத்தில் தெரியும். இன்னொன்று, ஃபிரேமுக்கு வரம்பு போடுவது. 120-க்கும் 60-க்கும் நடுவே குதிப்பதைவிட 75-இல் அசையாமல் நிற்பது ஆடுவதற்குச் சுகம். இதே யோசனையைத்தான் 2017-இல் என்விடியா மேக்ஸ்-கியூ என்று பெயர் வைத்து விற்றது: கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் அதிகமான வாட் செலவாகிறது, அதை விட்டுக்கொடுத்தால் மெல்லிய மெஷினிலும் நல்ல ஆட்டம் கிடைக்கும்.

டேபிள் ஃபேன் என்ன ஆனது? அதைத் தூக்கி மேஜை மேல் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திறந்த கேபினெட்டில் அந்தக் காற்று நேராக ஹீட் சிங்க்கில் அடித்தது. மூடிய லேப்டாப்பில் அது கீபோர்டை ஆற்றும், கைக்கு இதமாக இருக்கும். சிப்புக்குப் போய்ச் சேருவது குறைவு. கூலிங் பேட் வாங்குகிறவர்கள் முதலில் லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி, துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பேடின் ஃபேன் ஒரு பக்கம், மெஷினின் துளை இன்னொரு பக்கம் என்றால் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. பின்பக்கத்தை ஒரு தடித்த புத்தகத்தின் மேல் தூக்கி வைப்பதே பல மாடல்களுக்குப் போதும்; அடியில் காற்று நுழைய ஓர் அங்குலம் கிடைத்துவிடுகிறது.

அறையின் சூடு மட்டும் அன்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இன்னும் கூடியிருக்கிறது என்றும் சொல்லலாம். மே மாதத்துச் சென்னையில் இரவும் முப்பதை ஒட்டி நிற்கிறது. ஏசி போட்ட கேமிங் கஃபேக்கள் சென்னையிலும் கோவையிலும் இப்போது இருக்கின்றன. 2016-இல் ஜியோ வந்து மொபைல் டேட்டா மலிந்தபின் பழைய நெட் சென்டர்கள் பல மூடிவிட்டன. புதிய இடத்தில் கேபினெட்டின் பக்கம் மீண்டும் திறந்ததாகத் தெரிகிறது. ஆனால் அது கண்ணாடி. உள்ளே வண்ண விளக்கு.

வாங்கும் நேரத்துக் கேள்விகளும் மாற வேண்டும். அன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் எத்தனை கிகாஹெர்ட்ஸ், கார்டு எத்தனை எம்பி என்று கேட்டால் விஷயம் முடிந்தது. இன்று ஆர்டிஎக்ஸ் 4060 என்று பெட்டியில் போட்டிருப்பது பாதித் தகவல்தான். லேப்டாப்பில் அதே பெயருக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதையும் வைக்கலாம் என்று என்விடியாவே அனுமதிக்கிறது. ஒரே பெயர் போட்ட இரண்டு மெஷின்களில் ஒன்று மற்றதைவிட வெகுவாகப் பின்தங்கும். விலை மட்டும் அருகருகே இருக்கும். வாட் எவ்வளவு என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். தெரியாது என்றால் கம்பெனியின் விவரத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு அந்த ஓர் எண்ணைச் சிறிய எழுத்தில் ஒளித்து வைப்பது நியாயமே இல்லை.

அடுத்து, பின்மூடி எப்படித் திறக்கும் என்று கேளுங்கள். டெல், ஹெச்பி, லெனோவா மூன்றும் தங்கள் பல மாடல்களுக்கு, எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்றுவது என்று படம் போட்ட சர்வீஸ் கையேட்டைப் பொதுவில் வைத்திருக்கின்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்திலும் மின்னணுப் பொருட்களுக்கு இடம் உண்டு. தூசி தட்டத் திறந்தால் வாரன்டி போகுமா என்பதை வாய்வார்த்தையாக நம்பாமல், அந்த மாடலின் வாரன்டித் தாளில் படித்துவிட்டு வாங்குங்கள். திறக்கக் கூடாது என்றால், சுத்தம் செய்து தருவது யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு ரூபாய்க்கு என்பதை பில் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.